முந்நூறு லிட்டர் சிறுவாணி

"…அப்ப எதுக்குங்க இத்தனை தண்ணி? தொறந்து உட்டுப்போடுங்க."

சொன்னது என் மனைவி. திருச்செந்தூருக்கு மேற்கே, பார்க்கும் திசையெல்லாம் செக்கச்செவேலென்று மணல் கிடக்கிறதே, தேரிக்காடு, அதன் நடுவில் நின்று சொன்னாள். எங்கள் வண்டியின் பின்சக்கரங்கள் இரண்டும் அச்சு வரைக்கும் மணலுக்குள் போயிருந்தன. வெறும் வண்டி இல்லை அது. நானே பட்டறையில் கட்டிய ஓடும் வீடு. படுக்கை, அடுப்பு, கைகழுவும் தொட்டி எல்லாம் உண்டு. அதன் பின்பக்கத்தில் முந்நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி. மூன்று வருடமாக ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட வீணாகக் கீழே ஊற்றாதவள், அத்தனையையும் திறந்துவிடச் சொன்னாள்.

ஏன் சொன்னாள் என்பதற்கு மகனிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

எங்களுக்கு ஒரே பையன். சரவணம்பட்டியில் காலேஜ், அங்கேயே வேலை, அப்புறம் ஆஸ்திரேலியா. நான் எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருடம் கழிந்தது. என் முதல் மேஸ்திரி ஜன்னல் சட்டம் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஏறி உக்கார்றவன் எறங்குற வரைக்கும் நம்ம ஊட்டுக்கு விருந்துக்கு வந்த ஒறம்பரடா, மழை உள்ள வரக்கூடாது" என்பார். இப்படி யாராவது ஏதாவது சொன்னால் எனக்கு மறக்காது. படிப்பு ஏறாத மண்டையில் அதுதான் ஏறியது.

பையன் அங்கே லீவு கிடைத்தால் படுக்கை வைத்த வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். போனில் வண்டியைச் சுற்றிக் காட்டுவான்.

"அப்பா, பாருங்க, வண்டியே ஊடு. இந்தக் கதவு ஆடுது பாருங்க, நீங்க கட்டியிருந்தா ஆடுமுங்களா?"

இவள் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பாள். "ஏஞ்சாமி, அங்க ஊட்டுல கட்டிலு இல்லியா? ரோட்டுல போயி படுத்திருக்கற?"

"ஜாலிக்குங்மா."

"ஜாலிக்கு ஊட்டப் பூட்டிப்போட்டு வண்டில படுப்பாங்களாக்கும். உங்கொப்பன் வாங்குன கட்டிலு இங்க சும்மா கெடக்குது."

"நீங்களும் அப்பாவும் வாங்கம்மா. மொதல்ல கடலோரமாவே போலாம். அப்பறம் உள்ள திரும்பி செம்மண் காடு. பாத்தீங்கன்னா அசந்துபோயிருவீங்க."

கடைசியாகப் போனபோது அதே வழியில்தான் போனான். முதலில் கடல் படங்கள் வந்தன. வெள்ளை மணல், நீலத் தண்ணீர், பாறை மேல் ஒரு பறவை. பிறகு சிவப்பு. வானத்தைத் தவிர மற்றதெல்லாம் சிவப்பு. அதைப் பார்த்துவிட்டு இவள் கேட்டாள், "அங்க குடியிருக்கறவங்க தண்ணிக்கு என்ன கண்ணு பண்ணுவாங்க?" அவன் சிரித்தான். "குடியே இல்லீங்மா." அதுதான் அவன் எங்களிடம் பேசிய கடைசிப் பேச்சு.

பெரிய பாதையிலிருந்து விலகி எங்கோ உள்ளே போய் வண்டி மணலில் புதைந்திருக்கிறது. போனில் சிக்னல் இல்லை. இறங்கி நடந்திருக்கிறான். ஆறாவது நாள்தான் கண்டுபிடித்தார்கள். தண்ணீர் இல்லாமல் போயிருக்கிறான் என்று போனில் சொன்னார்கள். அதை இவளிடம் சொன்னது நான்தான்.

கொடுமுடியில் காவிரி இரண்டு கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. சாம்பலைக் கரைத்துவிட்டு ஏறும்போது படியில் நின்றுவிட்டாள். "இத்தனை தண்ணி இங்க சும்மா போகுதுங்களே" என்றாள். அழவில்லை. அதற்கப்புறமும் நான் பார்க்க அழவில்லை. தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தாள். குடம், அண்டா, தூக்குப்போசி என்று மூடி வைக்க முடிந்த பாத்திரமெல்லாம் நிறைந்தே இருக்கும். எங்கள் பக்கத்தில் யார் வாசலேறினாலும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர்தான், மற்ற பேச்செல்லாம் பிறகு. இவள் சிலிண்டர் போட வருகிறவர் வேண்டாம் என்றாலும் விடமாட்டாள். "ஒரு வாய் குடிச்சுப்போட்டுப் போங்க" என்று வழியை மறித்து நிற்பாள். தான் மட்டும் ஒரு மடக்குக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துவிடுவாள்.

நான் அவளிடம் சொல்லாத ஒன்று இருந்தது. இரண்டு மாதம் கழித்து அங்கிருந்து தபாலில் இங்கிலீஷ் காகிதங்கள் வந்தன. மாடியில் ஐடி கம்பெனிப் பெண் ஒருத்தி குடியிருந்தாள். இவள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் அவளிடம் படித்துச் சொல்லச் சொன்னேன். படித்துக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நின்றாள்.

"அங்கிள், வண்டிக்குள்ள தண்ணி இருந்திருக்கு. ரெண்டு கேன். ஒண்ணு பிரிக்கவே இல்லை."

"அப்பறம் எப்படீம்மா?"

"ஒரு பாட்டில் மட்டும் எடுத்துட்டு நடந்திருக்கார். வண்டிய விட்டுப் போகாம இருந்திருந்தா மூணாம் நாளே கண்டுபிடிச்சிருப்பாங்கன்னு எழுதியிருக்காங்க. மேல இருந்து தேடினப்ப வண்டிதான் முதல்ல தெரிஞ்சுதாம்."

அந்தக் காகிதத்தை மடித்துப் பட்டறையில் டூல்ஸ் பெட்டிக்கு அடியில் வைத்தேன். அந்தப் பெண்ணிடம் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றேன். தெரிந்தால் இவள் நொந்துபோவாள் என்று அவளிடம் காரணம் சொன்னேன். என் காரணம் வேறு.

அவனுக்குப் பதினெட்டு வயதில் முதல் பைக் வாங்கிக் கொடுத்தபோது நான் ஒன்று சொன்னேன். "வண்டி நின்னுபோச்சுன்னா பக்கத்துலயே குத்தவெச்சு உக்காந்திருக்காத. எறங்கி நட. பத்து நிமிசத்துல ஒரு தோட்டத்து ஊடு வரும். ஏனுங்கன்னு ஒரு சத்தம் போடு. மோரும் குடுத்து, மெக்கானிக்கையும் கூட்டியாருவாங்க." எங்கள் ஊர்ப்பக்கம் அது நூற்றுக்கு நூறு சரி. தென்னந்தோப்புக்குள் ஒரு வீடு, மோட்டார் ரூமில் ஓர் ஆள், எதுவுமில்லாவிட்டால் நாயாவது குரைக்கும். அவனும் இரண்டு மூன்று தடவை அப்படி நடந்து போய், யார் வீட்டிலோ வயிறு முட்ட மோர் குடித்துவிட்டு வந்திருக்கிறான். அந்தச் சிவப்புக் காட்டிலும் அவன் எங்கள் ஊர்க்காரனாகவே இறங்கி நடந்தான். எந்த மேட்டுக்கு அந்தப்புறம் ஒரு வீடு இருக்கும் என்று பார்த்தானோ.

இதை நான் எப்படிச் சொல்வேன்?

மூன்றாம் வருடம் திதி முடிந்த மறுநாள் இவள் சொன்னாள், "அவன் போன வழியில ஒருக்காப் போகோணுமுங்க. கடலையும் பாத்துப்போட்டு, அந்த மண்ணையும் ஒருக்கா மிதிச்சுப்போட்டு வந்தரலாம்."

விசா கிடைக்காது, வயதாகிவிட்டது, முட்டி வலி என்று நான் என்னென்னவோ சொன்னேன். அங்கே போனால் யாராவது இவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தேன். அப்போதுதான் பட்டறைக்கு வந்த லாரி டிரைவர் ஒருவர் தேரிக்காட்டைப் பற்றிச் சொன்னார். "பாஸ்போர்ட் எதுக்குண்ணே, நம்ம திருச்செந்தூர் பக்கம் போய்ப் பாருங்க. செவ்வாய்க்கிரகம் மாதிரி கெடக்குது." போனில் படம் எடுத்துக் காட்டினார். அதையே இவளிடம் காட்டினேன். பையன் அனுப்பிய படத்தைப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"அதே மண்ணு இல்லீங்க."

"அதே நெறந்தானே புள்ள."

"செரி" என்றாள். "நம்மளுக்குப் போக முடிஞ்ச தூரம் அதுதானுங்களே."

பழைய வேன் ஒன்றை எடுத்து, சீட்டையெல்லாம் கழற்றி, நாலு மாதத்தில் வீடாக்கினேன். கதவு ஆடாது. மழை உள்ளே வராது. தண்ணீருக்கு அறுபது லிட்டர் தொட்டி போட்டேன். இவள் வந்து பார்த்தாள். "பத்தாதுங்க" என்றாள். நூறாக்கினேன். "பத்தாதுங்க." கடைசியில் முந்நூறில் வந்து நின்றது. அத்தனை கனத்தைப் பின்னச்சுக்குப் பின்னால் வைக்கக்கூடாது என்று பாடி கட்டுகிற எவனுக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? வேறு இடமில்லை. அவளிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயுமில்லை.

எங்கள் வீட்டுக்கு வருவது பில்லூர் அணைத் தண்ணீர். அதுவும் நல்ல தண்ணீர்தான். ஆனால் பையன் அங்கே போன நாளிலிருந்து, "இங்க தண்ணி சப்புன்னு இருக்குதுங்மா, சிறுவாணிய ஒரு கேன் அனுப்புங்க" என்று கிண்டல் பண்ணிக்கொண்டே இருந்தான். அதனால் தொண்டாமுத்தூர்ப் பக்கம் இவள் தம்பி வீட்டில் நிறுத்தி, ருசிக்குப் பேர்போன சிறுவாணி மலைத் தண்ணீர் வருகிற குழாயில் பிடித்தோம். தொட்டி நிறையவே இல்லை. மச்சினன் ஹோஸைப் பிடித்துப் பிடித்துக் கை மாற்றினான்.

"ஏன் மாமா, காட்டுல இருந்து எறங்குற யானையவும் கூடக் கூட்டீட்டுப் போறீங்களா? அதுகூட இத்தனை குடிக்காதுங்க."

"உங்கக்காளக் கேளு."

தொட்டி வழிந்ததும் அக்காளே மூடியைத் திருகி இறுக்கினாள்.

தாராபுரம், திண்டுக்கல், மதுரை தாண்டி முதலில் தனுஷ்கோடி போனோம். நல்ல மாசி வெயில். ஒரு பக்கம் கடல் குளம் மாதிரி அசையாமல் கிடந்தது, மறுபக்கம் இரைந்துகொண்டிருந்தது. நடுவில் நாடாவை விரித்த மாதிரி ரோடு. ஆழமில்லாத தண்ணீரில் வெளுத்த ரோஜா நிறத்தில் நாரைக் கூட்டம். எதற்கோ பயந்து அத்தனையும் ஒரே நேரத்தில் எழுந்தபோது இறக்கைக்கு அடியில் இருந்த சிவப்பு தெரிந்தது. இவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "பாருங்க, பாருங்க" என்றாள். மூன்று வருடத்தில் அவள் எனக்கு ஏதோ ஒன்றைக் காட்டியது அன்றைக்குத்தான்.

அங்கிருந்து கடலை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டே தெற்கே இறங்கினோம். பனங்காடு, கருவேலம், மறுபடி பனங்காடு. வேம்பார் தாண்டி உப்பளங்கள். கட்டங்கட்டமாகத் தண்ணீர், ஒவ்வொன்றிலும் ஒரு வானம். உப்பு வாரிக்கொண்டிருந்த அம்மாவிடம் இவள் வழக்கம்போல் சொம்போடு போனாள். அந்த அம்மா அண்ணாந்து குடித்துவிட்டு, "எங்க ஊர்ல தண்ணிக்கு என்ன பஞ்சம்? கண்ணு கொள்ளாத தண்ணி. வாயிலதான் வைக்க முடியாது" என்று சிரித்தார். இவளும் சிரித்தாள். வண்டியில் ஏறியதும் சிரிப்பு போய்விட்டது. மணப்பாட்டில் கடற்கரை மேட்டு மேல் வண்டியைப் போட்டுச் சாயங்காலம் தோசை ஊற்றினாள். அலை எங்களுக்குக் கீழே வந்து வந்து உடைந்தது. "நல்லாத்தான் இருக்குதுங்க" என்றாள். "இதுக்குத்தான் கூப்புட்டானாட்ட இருக்குது."

மறுநாள் காலை கடலை விட்டு மேற்கே திரும்பினோம். கொஞ்ச தூரத்தில் மண் நிறம் மாற ஆரம்பித்தது. பழுப்பு, செம்பழுப்பு, பிறகு குங்குமத்தைக் கொட்டிய மாதிரி. காற்று வரிவரியாகக் கோடு போட்டிருந்த மணல் மேடுகள். குடை விரித்த மாதிரி முள் மரங்கள். கழுத்து வரை புதைந்து தலை மட்டும் வெளியே தெரிந்த பனைகள். இவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"ரோட்டுல நின்னு பாத்தாப் போதுமா?" என்றேன்.

"கொஞ்சம் உள்ள போங்க. ரோடு தெரியாத எடத்துக்கு."

போனேன். தார் ரோட்டை விட்டு இறங்கி ஒரு வண்டித்தடத்தில் கால் மைல் போயிருப்போம். முன்சக்கரம் மேடேறியது. பின்பக்கம் முந்நூறு லிட்டரும் ஒரே அமுக்காக அமுக்கியது. எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் பதற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். மிதிக்க மிதிக்க வண்டி தனக்குத்தானே குழி தோண்டிக்கொண்டது.

இஞ்சினை நிறுத்தியதும் இவள் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது.

சத்தம் கேட்டு ஒருவர் மேட்டு மேலிருந்து வந்தார். முப்பது வயதிருக்கும். தலையில் துண்டு, கையில் தொரட்டிக்கம்பு. அந்தப்புறம் முந்திரிக்காட்டு ஓரத்தில் ஆடு மேய்க்கிறாராம். சக்கரத்தைக் குனிந்து பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, ரேஸ் குடுத்து இப்பிடிப் புதைச்சிட்டியளே. பின்னால என்னத்தப் போட்டுருக்கிய?"

"தண்ணீங்க. முந்நூறு லிட்டரு."

"முந்நூறா!" அவர் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "கடலைத் தாண்டித்தான வந்திய, அதுக்கும் கொஞ்சம் ஊத்திட்டு வந்துருக்கலாம்லா? கனத்த எறக்குங்க, டயர்ல காத்தக் கொறைங்க. நான் போயி பனையோலை வெட்டிட்டு வாரேன். சக்கரத்துக்கு அடியில குடுத்தா ஏறிரும்."

அவர் மேட்டுக்கு அந்தப்பக்கம் போய்விட்டார். நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். தண்ணீரை இறக்கு என்று இவளிடம் எப்படிச் சொல்வது? வேறு ஏதாவது வழி பார்க்கலாம் என்று செருப்பை மாட்டினேன்.

"நீ வண்டில இரு புள்ள. ரோட்டுக்கு அந்தப்புறம் ஏதாச்சும் ஊடு இருக்கும். டிராக்டர் கெடைக்குதான்னு ஒரெட்டுப் பாத்துப்போட்டு வாரேன்."

இரண்டடி வைத்திருப்பேன். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அத்தனை பலம் இருப்பது எனக்குத் தெரியாது.

"போகாதீங்க."

"அந்தா ரோடு. கால் மைலு."

"அவனும் அப்படித்தான நெனச்சிருப்பான்? தண்ணி தீந்துபோயி, இனி இங்க இருந்தா ஆகாதுன்னுதான எறங்கியிருப்பான்? நம்மகிட்டத் தண்ணி இருக்குதுங்க. நாம இருப்போம். எத்தன நாளுன்னாலும் இருப்போம்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நின்ற இடத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன். சூடு வேட்டியைத் தாண்டி ஏறியது.

"அவன் வண்டிலயும் தண்ணி இருந்துச்சு" என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. மறுபடி சொன்னேன். தபாலில் வந்த காகிதத்தைச் சொன்னேன். இரண்டு கேன், ஒன்று பிரிக்கவே இல்லை. மூன்றாம் நாள். டூல்ஸ் பெட்டி. பிறகு அந்த பைக்கைச் சொன்னேன், நான் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன். "எறங்கி நட, பத்து நிமிசத்துல ஒரு ஊடு வரும்னு சொன்னது நாந்தான். தண்ணி இல்லாம அவன் போகல. எம்பேச்சக் கேட்டுப் போனான்."

காற்று மணலைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு போனது. என் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் வண்டியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மூணு வருசம்" என்றாள். "அவன் நாக்கு வறண்டு போச்சேன்னு மூணு வருசமா எனக்கு ஒரு வாய் எறங்குலீங்க. நீங்க பாத்துக்கிட்டேதான இருந்தீங்க."

"ஆமா."

"அவங்கிட்டத் தண்ணி இருந்துச்சு."

"இருந்துச்சு புள்ள."

"கையில இருந்த தண்ணியவே உட்டுப்போட்டுப் போயிருக்கறான். அப்ப எதுக்குங்க இத்தனை தண்ணி? தொறந்து உட்டுப்போடுங்க."

எழுந்து பின்னால் போனேன். தொட்டிக்கு அடியில் குழாயைப் பிடித்தேன். நான் வைத்த குழாய்தான், ஒரு திருகில் திறக்கும். கை திருகவில்லை. அவள் என்னைத் தோளால் நகர்த்திவிட்டு, தானே குனிந்து திறந்தாள். தண்ணீர் சத்தத்தோடு விழுந்தது. விழுந்த இடத்தில் மணல் கறுத்தது, அவ்வளவுதான். ஓடவில்லை, தேங்கவில்லை. அடுத்த கணமே உள்ளே போய்விட்டது.

கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், வண்டிக்குள் ஏறிச் சொம்போடு இறங்கினாள். விழுகிற தண்ணீரில் பிடித்து நிரப்பினாள். தலையை நிமிர்த்தியபோது மேட்டு மேல் அந்த ஆள் ஒரு கட்டுப் பனையோலையைத் தோளில் போட்டுக்கொண்டு, கால் புதையப் புதைய நடந்து வந்துகொண்டிருந்தார். இவள் செருப்பு போடவில்லை. அந்தக் கொதிமணலில் வெறுங்காலோடு அவருக்கு எதிரே ஏறிப் போனாள்.

"தண்ணி குடிங்க, சாமி" என்று சொம்பை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"இருக்கட்டும்மா, வேல முடியட்டும்."

"குடிங்க."

அவர் ஓலைக்கட்டைக் கீழே போட்டுவிட்டு வாங்கி அண்ணாந்து குடித்தார். அவர் தொண்டை ஏறி இறங்குவதை இவள் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். முழுச் சொம்பையும் குடித்துத் திருப்பிக் கொடுத்தார். எனக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. நான் கேட்கவில்லை, அவள் என் பக்கம் திரும்பவுமில்லை. மேட்டிலிருந்து இறங்கி வந்து, கொட்டிக்கொண்டிருந்த தண்ணீரில் சொம்பை மறுபடியும் நிரப்பி எடுத்துக்கொண்டு அவரிடமே ஏறிப் போனாள்.